சினை தங்கியதா? கேளா ஒலி கூறும் விடை

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அக்கணமே கண்டு முடிந்துவிடுகிறார். விதைத்த ஏழெட்டு நாளில் முளை கிளம்பியதா என்பதை உழவர் வரப்பில் நடந்தே பார்த்துவிடுகிறார். கறவைப் பசுவின் விஷயத்தில் மட்டும் இவ்வசதி நெடுங்காலம் இல்லாதிருந்தது. சினை ஊசி போட்ட பசு 21 நாள் கழித்து மீண்டும் பருவத்துக்கு வந்தால் 'தங்கவில்லை' என்றும், வராவிட்டால் 'தங்கியிருக்கும்' என்றும் ஊகித்துக்கொள்வதே வழக்கம். ஊகம் பிழைத்தால், வெறும் வயிற்றுப் பசுவுக்குச் சினைப் பசுவுக்குரிய மரியாதையோடு மாதக்கணக்கில் தீவனம் போட்டுக்கொண்டிருப்போம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்போருக்காக ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் அது மறுபடியும் சினையாதல் வேண்டும். ஈன்றபின் கருப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைவதற்கு ஒன்றரை மாதம் கழிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது 40 நாள். அதாவது இரண்டே பருவங்கள். அவ்விரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும் கணக்கு நழுவுகிறது. மூன்று நான்கு பருவங்கள் தவறிய பசு கறவை வற்றி, சினையுமின்றி நிற்கும். அத்தகைய பசுவைத்தான் 'மலடு' என்று பெயர் சூட்டிச் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறோம். உண்மையில் அதற்கு மலட்டுத்தன்மை ஏதும் இருந்ததா என்று எவரும் உள்ளே பார்த்ததில்லை. பார்ப்பதற்குக் கருவியும் இல்லை.

இன்று அக்கருவி இருக்கிறது. தாய்மார்களுக்கு மருத்துவமனைகளில் 'ஸ்கேன்' எடுக்கிறார்களே, அதே கேளா ஒலிக் கருவிதான். அது பசுவின் கருவுறுதலைப் பற்றி நமக்கு என்னென்ன கற்றுக்கொடுத்தது என்பதை உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

செயற்கை முறைக் கருவூட்டலைக் குடியானவர்களின் தொழுவத்துக்குக் கொண்டுவந்ததில் கூட்டுறவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த சாம்சோ என்னும் தீவில் 1936-ஆம் ஆண்டு பால்மாடு வளர்ப்போர் ஒன்றுகூடி இதற்கெனவே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முதலாண்டில் 220 பசுக்களுக்குக் கருவூட்டினர். அவற்றுள் நூற்றுக்கு 59 சினையாயின. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி 1938-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலும் ஒரு சங்கம் தோன்றியது. நமக்கு அண்டையிலேயே, மைசூர் அரண்மனைப் பாற்பண்ணையில், டாக்டர் சம்பத்குமாரன் 1939-இல் ஹள்ளிகர் இனப் பசுக்களுக்கு இம்முறையில் கருவூட்டினார். இந்தியாவில் இதுவே முதல் முயற்சி என்பர்.

விந்தை உறையவைத்துப் பாதுகாக்கும் வழி 1949-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் ஒரு காளையின் விந்து கடல் கடந்தும் செல்லலாயிற்று. ஆயினும் ஊசி போட்டதற்குப் பின்னர் பசுவின் உடலுக்குள் நடப்பது என்ன என்பது திரைக்குள்ளேயே இருந்தது. 'மறுமுறை ஊசிக்கு வராத பசுக்கள் நூற்றுக்கு எத்தனை' என்று எண்ணிச் சொல்வதே கருவூட்டல் நிலையங்களின் அளவுகோலாக இருந்தது. இது மிகவும் தாராளமான அளவுகோல். பசு விற்கப்பட்டிருக்கலாம், இறந்திருக்கலாம், பருவம் வந்தும் எவர் கண்ணிலும் படாமற் போயிருக்கலாம். அவை எல்லாம் 'சினை' என்றே ஏட்டில் ஏறிவிடும். கைதேர்ந்த மருத்துவர் ஆசனவாய் வழியே கையிட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்து 35 முதல் 45 நாளுக்குள் உண்மையைக் கூறிவிடுவார். ஆனால் பலவிடங்களில் 60 நாளோ 90 நாளோ கழித்துத்தான் அச்சோதனை நடைபெறுகிறது.

ஒலியைக் கொண்டு பார்ப்பது

மனிதனின் செவி, வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேட்கவியலாது. பசுவைச் சோதிக்கும் கருவியோ வினாடிக்கு 50 லட்சம் முதல் 75 லட்சம் அதிர்வுகள் வரை உண்டாக்குகிறது. சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பியேர் கியூரியும் அவருடைய தமையனார் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். அதன் மறுபக்கமாக, அதே படிகத்தில் மின்சாரம் செலுத்தினால் அது அதிரும். இந்த இரட்டைக் குணந்தான் கருவியின் உயிர்நிலை. ஒரு படிகமே வாயாக ஒலியை எழுப்புகிறது. திரும்பி வரும் எதிரொலியைச் செவியாகவும் ஏற்கிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அனுமானிப்பது போல, உடலின் மெல்லிய தசைகளுள் வினாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒலி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, கருவி திரையில் ஒரு படம் வரைகிறது.

அப்படத்தைப் படிப்பதற்குச் சில எளிய விதிகள் உண்டு. நீர் ஒலியைத் திருப்பாது. ஆகையால் நீர் உள்ள இடம் கறுப்பு. எலும்பு ஏறத்தாழ முழுவதையும் திருப்பிவிடும், ஆகையால் வெளுப்பு. தசையெல்லாம் பலவகைச் சாம்பல் நிறம். பசுவின் கருவுறுதலை ஆராய்வோருக்கு இஃது எதிர்பாராமற் கிடைத்த பேறு. முட்டையைத் தாங்கி நிற்கும் குமிழும் நீர் நிறைந்தது. ஆரம்பகாலக் கருவைச் சூழ்ந்திருப்பதும் நீரே. இரண்டும் சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்பு வட்டங்களாகப் பளிச்சென்று தெரியும்.

மனிதரின் வயிற்றில் இவ்வகைப் படம் எடுக்கலாம் என்பதைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் அயன் டொனால்டு 1958-இல் உலகுக்கு அறிவித்தார். மேலிருந்து எடுத்தால் பசுவின் தடித்த உடலும் பெருத்த இரைப்பையும் குறுக்கே நிற்கும். ஆதலால் விரல் பருமனுள்ள நீண்ட சோதனைக்கோலை ஆசனவாய் வழியே உட்செலுத்தி, கருப்பைக்கு நேர் மேலே வைத்துப் பார்க்கின்றனர். 1980-இல் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் பெண் குதிரைகளில் இவ்விதம் பார்த்தனர். பசுக்களில் இம்முறையை ஒரு தனிக் கலையாகவே வளர்த்த பெருமை அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜிந்தர் என்னும் அறிஞரையும் அவருடைய மாணவர் பியர்சனையும் சாரும். அவர்களுடைய முதல் ஆய்வுரைகள் 1984-இல் வெளிவந்தன. பாலில் உள்ள கொழுப்பை அளக்கும் பாப்காக் சோதனை 1890-இல் பிறந்ததும் இதே பல்கலைக்கழகத்தில்தான். பால்மாட்டுக்காரர்களுக்கு அவ்வூர் செய்திருக்கும் உபகாரம் சிறிதன்று.

அலை அலையாக எழும் குமிழ்கள்

சினைப்பையில் முட்டைக் குமிழ்கள் எவ்வாறு வளர்கின்றன என்பதில் ஒரு பழைய வழக்கு இருந்தது. 21 நாட்களில் அவை அலை அலையாக எழுந்து மறைகின்றன என்று 1960-இல் ராஜகோஸ்கி என்பவர் கூறினார். அவர் வெட்டப்பட்ட கிடேரிகளின் சினைப்பைகளைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தவர். வெட்டிய பசுவை மறுநாள் மீண்டும் பார்க்க இயலாதல்லவா? ஆகவே பலரும் அதனை ஒப்பவில்லை. குமிழ்கள் ஓயாமல் வளர்ந்து வளர்ந்து அழிகின்றன என்றே வாதித்தனர். கேளா ஒலிக் கருவி வந்தபின் ஒரே பசுவின் ஒரே சினைப்பையை நாள்தோறும் பார்ப்பது கைகூடிற்று. ராஜகோஸ்கியின் பக்கமே நியாயம் என்பது 1980-களின் இறுதிக்குள் தெளிவாயிற்று.

ஒவ்வோர் அலையிலும் பல சிறு குமிழ்கள் ஒன்றாகப் புறப்படுகின்றன. சில நாட்களில் ஒன்று மட்டும் முந்தி வளர்ந்து மற்றவற்றை அடக்கிவிடுகிறது. பருவ வட்டத்தின் நடுவே எழுந்த தலைமைக் குமிழ் முட்டை வெளியிடாமலே தேய்ந்து போகும். அடுத்த அலை தொடங்கும். கடைசி அலையின் தலைமைக் குமிழே பருவத்தன்று 12 முதல் 20 மி.மீ. வரை பருத்து, வெடித்து, முட்டையை வெளியிடும். ஒரு வட்டத்தில் இத்தகைய அலைகள் இரண்டோ மூன்றோ உண்டு. பசுவிடம் கற்ற இப்பாடம் மனிதருக்கும் உதவிற்று என்பது ஒரு சுவையான செய்தி. பியர்சன் கனடாவின் சாஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பெண்களிடத்தும் இவ்வாறே குமிழ்கள் அலைகளாக எழுகின்றன என்பதை அவருடைய குழுவினர் 2003-இல் காட்டினர்.

குமிழ் வெடித்த இடத்தில் மஞ்சள் திரள் என்னும் தசைக்கட்டி உருவாகிறது. திரையில் அது சாம்பல் நிறமாகத் தோன்றும். சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பை அளிப்பது இதுவே. இத்திரள் நிலைத்தால் சினை நிலைக்கும். கரைந்தால் பசு மீண்டும் பருவத்துக்கு வரும்.

எப்பொழுது ஊசி போடுவது?

காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுக என்னும் விதி நம் உறுப்பினர்கள் அனைவரும் அறிந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் என்பவர் 1940-களில் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த விதி அது. கேளா ஒலி அதனைச் சோதித்துப் பார்த்தது. வர்ஜீனியாவில் 1996-இல் வெளியான ஆராய்ச்சியில், பிற பசு ஏறுவதற்கு முதன்முதலாக நின்று கொடுத்த நேரத்திலிருந்து சராசரி 27.6 மணி கழித்துக் குமிழ் வெடித்தது. ஹாலந்தில் 2005-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் சில மணிக்கு ஒரு முறை இரவும் பகலும் பசுக்களைப் பார்த்துச் சராசரி 30 மணி என்றனர். வெளியான முட்டை நல்ல நிலையில் இருப்பது சில மணி நேரந்தான். விந்தணுக்கள் மேலேறித் தயாராவதற்கும் பல மணி வேண்டும். ஆகவே முட்டை வருவதற்கு முன்னரே விந்து சென்று காத்திருத்தல் அவசியம். பழைய விதி பெரிதும் சரியே என்று ஆயிற்று.

சரியாகாதது நம் கண்காணிப்புத்தான். விஸ்கான்சினில் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நாளொன்றுக்கு 39.5 கிலோவுக்கு மேற்பட்ட பால் தரும் பசுக்களின் பருவம் சராசரி 6.2 மணி நேரமே நீடித்தது. அதற்குக் குறைந்த பால் தந்தவற்றில் 10.9 மணி நீடித்தது. மிகுதியாகத் தின்னும் பசுவின் ஈரலுக்கு மிகுதியான இரத்தம் பாய்கிறது. அங்கே பருவத்தைத் தூண்டும் சுரப்புகள் விரைவில் அழிந்துவிடுகின்றன என்பது அங்குள்ள அறிஞர்களின் விளக்கம். ஆறு மணி நேரம் என்றால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடிந்துவிடும். நம் தொழுவங்களில் பசு பெரும்பாலும் தும்பில் கட்டுண்டு தனியே நிற்கிறது. ஏறுவதற்குத் துணை மாடும் இல்லை. கண்ணாடி போன்ற ஒழுக்கும் கத்தலும் மட்டுமே நமக்குச் சான்று. எருமைகளில் அவையும் குறைவு. ஊமைப் பருவம் மிகுதி.

அதே பல்கலைக்கழகத்தார் 1999-இல் கண்ட மற்றொன்று: நாளொன்றுக்கு 40 கிலோவுக்கு மேல் கறந்த பசுக்களில் நூற்றுக்கு 20 ஒரே பருவத்தில் இரு முட்டைகளை வெளியிட்டன, குறைவாகக் கறந்தவற்றில் நூற்றுக்கு 7 மட்டுமே. பால் பெருகுந்தோறும் இரட்டைக் கன்றுகள் ஏன் பெருகின என்பதற்கு விடை கிடைத்தது. இரட்டை என்றால் மகிழ்வோரும் உண்டு. ஆனால் காளைக் கன்றோடு ஒட்டிப் பிறந்த கிடேரி பெரும்பாலும் மலடாகவே வளரும். தாய்க்கும் ஈற்றுத் தொல்லை மிகுதி. முன்னரே அறிந்தால் அப்பசுவைத் தனியே கவனிக்கலாம்.

பருவத்தைக் கண்காணிப்பது இத்துணைக் கடினமாயின், கண்காணிக்காமலே ஊசி போட வழி உண்டா? குமிழ் அலைகளின் இயல்பைக் கண்டபின் இக்கேள்விக்கும் விடை பிறந்தது. பர்ஸ்லி, வில்ட்பேங்க் முதலியோர் 1995-இல் ஒரு முறையை வெளியிட்டனர். முதல் நாள் ஒரு சுரப்பு ஊசி. அது குமிழை வெடிக்கச் செய்து புதிய அலையைத் தொடங்கி வைக்கும். ஏழு நாள் கழித்துப் புராஸ்டகிளாண்டின் ஊசி. அது மஞ்சள் திரளைக் கரைக்கும். மேலும் இரண்டு நாள் கழித்து முதல் ஊசியே மறுபடியும். அதற்கு 24 முதல் 32 மணிக்குள் கறவைப் பசுக்கள் 20-இலும் முட்டை வெளிவந்ததைத் திரையிலே கண்டனர். கிடேரிகளில் நான்கில் மூன்றே இணங்கின. ஆகவே இம்முறை கறவைப் பசுக்களுக்கே ஏற்றது என்ற முடிவுக்கு வந்தனர். நியூயார்க் மாநிலத்தில் 1951-இல் முதல் ஊசிக்கே நூற்றுக்கு 65 பசுக்கள் சினையாயின. 1996-இல் அது 40-க்கு இறங்கியிருந்தது. அந்தச் சரிவை அமெரிக்கப் பண்ணைகள் பின்னர் தடுத்து நிறுத்தியதில் இம்முறைக்கும் பங்கு உண்டு.

கருவின் நாட்குறிப்பு

இனிச் சினையைப் பார்ப்போம். விஸ்கான்சினில் 1986-இல் கிடேரிகளை நாள்தோறும் சோதித்து ஒரு நாட்குறிப்பே தயாரித்தனர். ஊசி போட்ட சுமார் 20-ஆம் நாள் கரு ஒரு சிறு கோடாகத் தென்படுகிறது. 21-ஆம் நாள் அளவில் அதன் நடுவே ஒரு துடிப்பு, அது இதயம். 29-ஆம் நாள் முதுகுத்தண்டும் முன்னங்கால் அரும்புகளும் தெரிகின்றன. 31-இல் பின்னங்கால் அரும்புகள். 45-ஆம் நாள் பிளவுண்ட குளம்பு தெரிகிறது. கன்று அசையவும் தொடங்குகிறது. 53-இல் விலா எலும்புகள். ஒரு செ.மீ. நீளமுள்ள உயிரினுள் இதயம் படபடப்பதைத் திரையில் கண்ட எவரும் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் 21-ஆம் நாள் தெரிவது தொழுவத்தில் தெரியும் என்று எதிர்பார்த்தல் கூடாது. பசு அசையும், வெயிலில் திரை மங்கும், நேரமும் இராது. 28 நாள் ஆனபின் பார்த்தால் அனுபவமுள்ள மருத்துவரின் சொல்லை நம்பலாம். 55-ஆம் நாளுக்குப் பின் கருவிலுள்ள ஒரு சிறு மொட்டின் இருப்பிடத்தைக் கொண்டு கிடேரியா காளையா என்றும் கூறிவிடுகின்றனர். அதில் நமக்கு அவ்வளவாக அவசரமில்லை.

மிகப் பெரிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஊசி போட்டும் சினை நிற்காத பசுவைப் பற்றி 'விந்து சரியில்லை' அல்லது 'ஊசி போட்டவர் சரியில்லை' என்று கூறுவது எல்லா ஊருக்கும் பொதுவான வழக்கம். கறவைப் பசுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று முட்டைகள் கருவுறவே செய்கின்றன என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-இல் காட்டினர். ஆயினும் 28-ஆம் நாள் பார்க்கும்போது பத்தில் நான்கு பசுக்களளவிலேயே கரு இருக்கிறது. ஊசி பலித்தது, கரு உருவாயிற்று, பின்னர் அழிந்தது. பசுவும் அறியாது, வளர்ப்பவரும் அறியார்.

எங்கே அழிகிறது? பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள். கரு நான்கைந்து நாள் கழித்துக் கருப்பைக்குள் வருகிறது. உருண்டையாக இருந்தது, 16, 17-ஆம் நாட்களுக்குள் நூலிழை போல ஒரு சாண் அளவுக்கு நீண்டுவிடுகிறது. நூல் என்றே எழுதிவிட்டோம். நெசவாள அன்பர்களுக்கு அதன் மென்மையைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த இழை வெளியிடும் ஒரு புரதமே 'நான் இங்கிருக்கிறேன்' என்று தாயின் உடலுக்குச் செய்தி கொடுக்கிறது. செய்தி எட்டினால் மஞ்சள் திரள் நிலைக்கிறது. இழை குட்டையாக இருந்து செய்தி வலுக்குன்றினால், கருப்பை புராஸ்டகிளாண்டினைச் சுரந்து திரளைக் கரைத்துவிடுகிறது. கோடை வெப்பமும் இதில் ஒரு பெரும் எதிரி. ஊசி போட்ட முதல் ஓரிரு நாட்களில் கரு வெப்பத்தைச் சிறிதும் தாங்காது என்பதை அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டனர். நம் கத்திரி வெயிலில் ஊசி போட்ட பசுவை மொட்டை வெயிலில் நெடுந்தூரம் நடத்திச் சென்று, நிழலின்றிக் கட்டிவைப்பது என்ன பயன் தரும் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்கலாம்.

28-ஆம் நாள் கண்ட சினையும் முற்றிலும் உறுதியன்று. அந்நாள் முதல் ஏறத்தாழ ஆறு ஏழு வாரம் முடிவதற்குள் நூற்றுக்குச் சுமார் 13 கருக்கள் அழிந்துபோவதாக 2004-இல் வெளியான அதே தொகுப்பு கூறுகிறது. கேளா ஒலி வருவதற்கு முன்னர் இவ்வழிவை எவரும் எண்ணியதில்லை. 60-ஆம் நாள் கைச்சோதனையில் 'தங்கவில்லை' என்று அறிந்த பசுவுள் ஒரு பங்கு, 30-ஆம் நாள் இதயம் துடித்த கருவைச் சுமந்திருந்தது. இதனால் கருவி கருவைக் கொன்றுவிட்டதாக எண்ணிச் சிலர் அஞ்சினர். சோதித்த பசுக்களையும் சோதிக்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, அவ்வாறு ஒன்றுமில்லை என்று கண்டனர். கருவி அழிவைக் காட்டியதே தவிர உண்டாக்கவில்லை.

அண்மைக் காலத்தில் இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் வகைக் கருவியும் வந்துள்ளது. பிரேசில் நாட்டார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போட்ட 20-ஆம் நாளே மஞ்சள் திரளைப் பார்த்தனர். கருவை அவர்கள் தேடவில்லை. திரளில் இரத்தம் பாயவில்லையானால் சினையில்லை என்று துணிந்து கூறிவிடலாம்; அன்றே அடுத்த ஊசிக்கு ஏற்பாடு தொடங்கலாம். இரத்தம் பாய்ந்தால் மட்டும் 'சினை' என்று கூறிவிட முடியாது. பருவ வட்டம் நீண்ட பசுவிலும் திரள் உயிரோடு இருக்கும். அவற்றை 30-ஆம் நாள் மறுபடி பார்த்தே தீர வேண்டும்.

எச்சரிக்கையாக ஒன்று

கருவி சொல்வதைத் தவறாகப் படித்தால் நேரும் கேடும் பெரிது. 25-ஆம் நாள் அவசரப்பட்டுப் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று முடிவு செய்து, அப்பொழுதே புராஸ்டகிளாண்டின் ஊசி போட்டுவிட்டால், உள்ளே கண்ணுக்குத் தப்பிய கரு இருந்திருப்பின் அது அவ்வூசியாலேயே அழியும். 'சினை' என்று தவறிச் சொன்னால் 21 நாளோ 42 நாளோ வீணாகும். 'சினையில்லை' என்று தவறிச் சொல்லி ஊசியும் போட்டால் ஒரு கன்றே போய்விடும். ஆகவே ஐயமுள்ள பசுவுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்து மறுபடி பார்ப்பதே முறை. நாளைச் சுருக்க வேண்டும் என்ற ஆசையால் தரத்தைச் சுருக்கிவிடும் சோதனையைக் காட்டிலும், 60-ஆம் நாள் அனுபவமுள்ள மருத்துவரின் கையே மேல் என்பது எமது அபிப்பிராயம்.

கருவியின் விலை தனியொரு குடியானவருக்கு எட்டாதது. இரண்டு பசு வைத்திருப்பவர் அதனை வாங்கி என்ன செய்வார்? சங்கம் என்றால் நிலைமை வேறு. ஒரு கிராமத்தில் கறக்கும் பசுக்களையெல்லாம் மாதத்தில் ஒரு குறித்த நாளில் பால் சேகரிப்பு நிலையத்துக்கு அருகே கூட்டினால், மருத்துவர் ஒரு காலைப் பொழுதில் பல பசுக்களைப் பார்த்துவிடுவார். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் போதும். திரும்பத் திரும்ப ஊசி போட்டும் தங்காத பசுவை அன்று தவறாமல் காட்டுதல் வேண்டும். அதன் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். முட்டை வெளிவருவது தாமதப்படலாம். கருப்பையில் சீழ் தேங்கியிருக்கலாம். இவை மூன்றும் திரையில் தெரியும். மூன்றுக்கும் மருத்துவம் உண்டு. உள்ளே பாராமல் அப்பசுவை விற்பவர், குணமாகக்கூடிய நோயாளியை மலிவு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஆனால் தேதி தெரியாத பசுவுக்கு எந்தக் கருவியும் பயன்படாது. 30-ஆம் நாள் என்பதை எங்கிருந்து எண்ணுவது? தொழுவத்துச் சுவரில் கரிக்கோட்டால் எழுதினாலும் சரி, சங்கத்தின் அட்டையில் எழுதினாலும் சரி, கன்று ஈன்ற நாள், ஒவ்வொரு பருவம் கண்ட நாளும் வேளையும், ஊசி போட்ட நாளும் வேளையும், காளையின் எண் ஆகியவை எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதன் பக்கத்தில் இரண்டு கட்டங்களை வெறுமையாக விடுக: ஒன்று 30-ஆம் நாள் சோதனைக்கு, மற்றொன்று 60-ஆம் நாள் மறுசோதனைக்கு. முதற் கட்டத்தில் 'சினை' என்று எழுதியிருந்தும் இரண்டாவது கட்டம் நிரம்பாத பசுவை ஏட்டில் சினைப் பசுவாகக் கணக்கிட வேண்டாம். பருவ அறிகுறி ஏதேனும் தோன்றினால், முன்பு 'சினை' என்று சொன்ன பசுவாயினும் நேரே ஊசிக்குக் கொண்டுபோகாமல், முதலில் மருத்துவரிடம் காட்டிக் கருப்பையைப் பார்த்தபின்னரே மேற்கொண்டு செய்வது நலம். சினையுள்ள பசுக்களிலும் சில பருவம் போலக் காட்டுவது உண்டு.